ஃப்ளாப்பியை உருவியவள்

இன்று காலை கடையில் ஒரு ஆளின் புறங்கையில் ஓங்கி அடித்துவிட்டேன். சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும். மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையைப் பென் டிரைவில் வாங்கிப் போக வந்திருந்தார். நான் மவுஸை விட்டுக் கையெடுப்பதற்குள் அவரே குனிந்து பென் டிரைவை உருவப் போனார். என் கை எப்போது எழுந்தது என்று எனக்கே தெரியாது. "என்னம்மா இது, பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்" என்று அவர் கத்தினார். "கழட்டாம உருவுனா கையை ஒடிச்சுப்புடுவேன்" என்று நானும் கத்தினேன். அச்சு அசலாக நீ கத்துவது போலவே இருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்னைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பயம்தான். பெரம்பலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், தொண்ணூற்றாறாம் வருஷம். பக்கத்து மெஷினில் நீ. வரி முடிந்ததும் நீ தள்ளுகிற தள்ளலில் மேஜையே நகரும். ஒரு மாதத்தில் இரண்டு ரிப்பன் கிழித்தாய். "ஹையர் பரீட்சை எழுதப் போறியா, இல்ல மல்லுக்கு நிக்கப் போறியா?" என்று கேட்டேன். முறைத்தாய். மறுநாளிலிருந்து நாம் ஒரே பஸ்ஸில் வந்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். ஐந்து வருஷம் கழித்து அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு டிடிபி கடை வைத்தோம்.

உன் கையால் அடி வாங்காதவர்கள் அந்தத் தெருவில் குறைவு. பழைய ஹார்ட் டிஸ்கைப் புதுசு என்று சொல்லி மாட்டிக்கொடுத்த அசெம்பிளிங் ஆளைச் செருப்பைக் கழற்றிப் படி முழுக்கத் துரத்தினாய். இன்டர்நெட்டில் வேண்டாத படம் பார்க்க வந்து, என் பக்கம் திரும்பி இளித்தவன் தலையில் கீபோர்டாலேயே ஒரு போடு போட்டாய். இரண்டு பட்டன்கள் தெறித்துப் போயின, கடைசிவரை அந்த இடம் பொக்கையாகவே இருந்தது. திரை உறைந்து நின்றால் மானிட்டருக்கு அறை. அதிசயம், பாதி நேரம் அது அறை வாங்கியதும் வேலை செய்தது. என்னை மட்டும் நீ ஒருநாளும் தொட்டதில்லை. அது அன்பு என்று அப்போது பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த நாளில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த கடைகள் எல்லாவற்றிலும் ஓடியது ஒரே திருட்டு விண்டோஸ் சிடிதான். அதை ஏற்றும்போது கேட்கிற நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம், கேட்டால் டீக்கடைக்காரர்கூடச் சொல்லுவார். யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியில் வைரஸும் ஏறி வந்தது. கல்யாண சீசன் நடுவில் இரண்டு மாத வேலை மொத்தமாகப் போயிற்று. நீ சிபியூவை உதைத்தாய், உன் கால் விரல்தான் வீங்கியது. மறுநாள் நொண்டிக்கொண்டே வந்தாய். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாகத் தந்த லினக்ஸ் சிடி கையில் இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் விண்டோஸை அழித்து அதை ஏற்றிவிட்டிருந்தாய்.

"ஒரு வார்த்தை கேக்க மாட்டியாடி?"

"கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல."

"ஓசில குடுக்கறதுல என்ன இருந்துடப் போவுது?"

"ஓசியா? உலகம் பூரா உக்காந்து எழுதியிருக்கானுவ, ஒவ்வொரு வரியும் தொறந்து கெடக்கு. நீ இத்தினி நாளு ஓட்டுனதுதாண்டி ஓசி. திருட்டுப்பய சிடி."

அதற்கப்புறம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பிரிண்டர் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் திறந்தது, ஆனால் தமிழின் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிக்க வேண்டும், ஒரு புள்ளி விட்டால் திட்டும். இன்டர்நெட் பார்க்க வந்தவர்கள் "அந்த நீலக் கலர் ஈ எழுத்து எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். தினமும் சீட்டு விளையாட வருகிற ரிட்டயர்டு கிளார்க் ஒருவர், "சீட்டே வேற மாதிரி இருக்கு, எனக்குக் கை ஓடல" என்று வருத்தப்பட்டார். நான் கத்தினேன். நீ என்னைவிடச் சத்தமாகக் கத்தினாய். ஆனால் ஆறு மாதம் ஒரு வைரஸும் வரவில்லை, அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்போதும் என் கட்சி மாறவில்லை. லினக்ஸை எழுதியவர்கள் மகா அறிவாளிகள், சந்தேகமே இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் ஒருத்தியை மட்டும் அவர்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஏனென்றால், அந்த ஃப்ளாப்பி. விண்டோஸில் சேமித்தால் சேமித்ததுதான், உருவிக்கொண்டு ஓடலாம். உன் லினக்ஸ் அப்படியில்லை. சேமி என்றால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சாவகாசமாகத்தான் ஃப்ளாப்பியில் எழுதும். அன்மவுண்ட், அதாவது கழட்டு என்று கட்டளை கொடுத்து, டிரைவின் பச்சை விளக்கு அணைந்த பிறகு எடுக்க வேண்டும். அதற்குமுன் உருவினால் உள்ளே பழசுதான் இருக்கும். "கழட்டிட்டு உருவுடி, கழட்டிட்டு உருவுடி" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லுவாய். கடைசியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அட்டையில் எழுதி டிரைவுக்கு மேலேயே ஒட்டினாய்.

செந்துறைக்குப் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸ் அப்போதுதான் நம்மிடம் வந்தது. அந்த ஊரில் மேலவூடு, கீழவூடு என்று ஒரே வம்சத்தின் இரண்டு பங்காளிகள். தேர் ஓடுகிற நாளின் மண்டகப்படி, அதாவது அன்றைய பூஜையும் முதல் மரியாதையும் யாருக்கு என்று ஐந்து வருஷமாக வெட்டுக்குத்து. அந்த ஐந்து வருஷமும் தேர் நிலையைவிட்டு நகரவில்லை. மேலவூடு பேரைப் போட்டு முதல் நோட்டீஸை அடித்து ஃப்ளாப்பியில் ஏற்றி வைத்திருந்தோம். மறுநாள் காலையில் கோயில் கமிட்டி ஆள் ஓடி வந்தார். ராத்திரி பேசி முடித்துவிட்டார்களாம், இந்த வருஷம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மண்டகப்படி. கீழவூட்டுப் பெரியவர் பேரையும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். "ஒரு எழுத்து சின்னதாப் போனாலும் தல உருண்டுடும்மா" என்றார்.

நீ வெளியே போயிருந்தாய். நான்தான் பேரைச் சேர்த்தேன். அளவு பார்த்தேன், இரண்டு முறை படித்தேன், கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு, அதே ஃப்ளாப்பியிலும் பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். கீழே பெரம்பலூர் பஸ் புறப்படுவதற்கு விசில் கொடுத்தது. அச்சகம் பெரம்பலூரில். அந்த பஸ்ஸை விட்டால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். உன் அட்டை என் மூக்குக்கு நேரே இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உருவிக்கொண்டு ஓடினேன். அச்சகத்தில் புரூஃபை நீட்டினார்கள். திரையிலேயே இரண்டு முறை பார்த்தாயிற்று என்ற திமிரில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் கட்டுகள் அச்சகத்திலிருந்து நேரே ஊருக்குப் போய்விட்டன.

நோட்டீஸில் மேலவூடு பேர் மட்டும்தான் இருந்தது. அந்த ஊரில் அன்றைக்கு இரண்டு மண்டை உடைந்தது. காசு கொடுத்துப் பேரைத் தூக்கச் சொன்னது மேலவூடுதான் என்று கீழவூடு முடிவு கட்டிவிட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு நம் படியில் தடதடவென்று ஏழெட்டுப் பேர். முன்னால் கீழவூட்டுப் பெரியவரின் மூத்த மகன், கையில் உருட்டுக்கட்டை. வாசலில் இருந்த நாற்காலியை ஒரே அடியில் இரண்டாக்கினான். ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி நொறுங்கியது. ஒருவன் பிரிண்டரைத் தூக்கி ஜன்னல் வழியாக ரோட்டில் எறிந்தான்.

"எவடி எங்கப்பன் பேரைத் தூக்குனது?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நீ வாயைத் திறப்பதற்குள் உன்னைக் கையால் காட்டினேன்.

"நான் இல்லீங்க. இவதான் ஓசி சிஸ்டத்தப் போட்டா. அதாங்க பேரத் தின்னுடுச்சு."

இதை எழுதும்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவன் "எந்தச் சிஸ்டம்?" என்று கேட்டான். நான் அதையும் காட்டினேன்.

அவன் கட்டையை ஓங்கினான். நீ சிபியூவுக்கு முன்னால் பாய்ந்தாய். "பேரு உள்ளதான்யா இருக்கு! ஒடச்சா போயிடும்யா, பாத்துட்டு ஒடைய்யா!" என்று கத்திக்கொண்டே வலது கையைக் குறுக்கே நீட்டினாய். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காய்ந்த முந்திரிக் கிளை முறிவதைக் கேட்டிருக்கிறாய் அல்லவா, அதுதான்.

நீ அழவில்லை. கை தனியாகத் தொங்கியது. இடது கையால் மவுஸைப் பிடித்து, கோப்பைத் திறந்து, மானிட்டரை அவர்கள் பக்கம் தள்ளினாய். இரண்டு பேரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் இருந்தார்கள். அவன் தன் அப்பன் பேரைச் சத்தமாக ஒரு முறை படித்தான். கட்டை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"அப்புறம் எப்படி நோட்டீசுல இல்ல?"

நீ டிரைவைப் பார்த்தாய். அட்டையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"ஃப்ளாப்பிய நாந்தான் அவசரமா உருவிட்டேன்" என்றாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியது அவர்கள்தான். நோட்டீஸ் மறுபடி அச்சாயிற்று, தேர் ஓடியது. மாவுக்கட்டு பிரித்தபோது மணிக்கட்டு கோணலாக இருந்தது. விரல்கள் மடங்கும், அழுத்திப் பிடிக்க முடியாது. நீ என்னை ஒரு அறை அறைவாய் என்று தினமும் காத்திருந்தேன். ஒரு நாள் தாங்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏண்டி உம் மேல போட்டுக்கிட்ட?"

"எனக்குத்தான் ஒடஞ்சு போச்சே. ரெண்டு பேருக்கும் எதுக்கு ஒடையணும்?" என்றாய். கொஞ்ச நேரம் இடது கையால் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அது பேரத் தின்னுடுச்சுன்னு சொன்ன பாரு, அதாண்டி தாங்கல. அது தின்னவே இல்ல" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது. ஊருக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். போ என்றும் நீ சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் போகவில்லை.

போன ஐப்பசியில், செந்துறை ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரி உன்மேல் ஏறியது. கூட்டத்தோடு சேர்ந்து நானும் கல்லெடுத்து அந்த லாரியின் கண்ணாடியை உடைத்தேன். என் கையெல்லாம் ரத்தம். டிரைவர் முந்திரிக்காட்டுக்குள் ஓடிவிட்டான், கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அப்போது ரோட்டோரம் சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்த அம்மாள் சொன்னார். "லாரி திரும்பறப்பவே பாத்துடுச்சும்மா அந்தப் புள்ள. டிவிஎஸ்ஸு நிக்கல. ரெண்டு காலயும் தரையில ஊணி ஊணி நிறுத்தப் பாத்துச்சு."

வலது கைப்பிடியில் இருக்கிற பிரேக்கை விட்டுவிட்டு நீ ஏன் காலை ஊன்றினாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மழையில் வழுக்கியிருக்கலாம், பிரேக் கம்பி அறுந்திருக்கலாம் என்று எனக்கு நானே நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எதையும் என்னால் நம்ப முடியவில்லை. உன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது, அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தவள் நான்தான். எனக்கு என்ன தகுதி இருந்தது சொல்.

சென்ற மாதம் அந்த ஊருக்குப் போனேன். கீழவூட்டு மகன் முந்திரிக்காட்டில் அரிவாளோடு கிளைகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். பஸ் விசிலில் ஆரம்பித்து, உன்னைக் கைகாட்டியது வரை, செந்துறை ரோடு வரை எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அன்னிக்கு என்னத்தான் அடிச்சிருக்கணும், இப்ப அடிங்க" என்று கத்தினேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். "வெயில்ல நிக்காதீங்க. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் நடந்தார்.

கடையை நான்தான் நடத்துகிறேன். உன் லினக்ஸைத்தான் ஓட்டுகிறேன், திட்டிக்கொண்டே. படியில் யாராவது தடதடவென்று ஏறி வந்தால் மற்றவர்களைப் போல நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துக்கொண்டு, நீ தராமல் போன அந்த அறைக்காகக் கன்னத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்.