ஆற்றங்கரைக் கூடாரமும் அச்சன்புதூர்ச் சீட்டும்

அன்புள்ள அப்பா,

இன்று காலை சித்தப்பா வந்து உங்கள் துண்டைக் கேட்டார். பச்சைக் கரை போட்ட அந்தத் துண்டைத்தான். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அந்துருண்டை வாசனைக்கு அடியில் மங்குஸ்தான் தோலின் துவர்ப்பு வாசனை இன்னும் இருந்தது. அம்மா மூன்று முறை துவைத்தாள். அந்த ஊதாக் கறை போகவில்லை.

"நாளைக்கு அச்சன்புதூர் போகணும்ட்டி. அண்ணன் துண்டு ராசியான துண்டு. ஒரு நாளைக்குக் குடு" என்றார். வாசலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே வந்து உட்காரவில்லை.

அச்சன்புதூர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தருவிச் சாலையில் நம் பழக்கடை நின்ற இடம் அந்த ஊர்ப் பெரிய வீட்டு முதலாளியுடையது. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் போன வருஷ அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, முதல் மங்குஸ்தான் கூடையை அவர் முன்னால் வைத்து, புதுச் சீட்டு வாங்கி வருவீர்கள். செருப்பை வெளிக்கேட்டிலேயே விட்டுவிட வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். பதினேழு வருஷம் அப்படித்தான் போனீர்கள். நான் புத்தகத்தில் படித்ததை நீங்கள் அதற்கு முன்பே வாழ்ந்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன வருஷக் கோடை விடுமுறையில், கடைக்கு ஓலை வேய்ந்துகொண்டிருந்தீர்களே, அப்போது தென்காசி நூலகத்திலிருந்து எடுத்துவந்த ரஷ்ய வரலாற்றுப் புத்தகத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். மங்கோலியர் ரஷ்யாவைப் பிடித்த பிறகு, அங்கிருந்த இளவரசர்கள் தங்கள் ஊரையே தாங்கள் ஆள்வதற்கு மங்கோலிய மன்னரான கானிடம் போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வோல்கா ஆற்றங்கரையில் கானின் கூடார நகரம். சிலர் அதையும் தாண்டி மங்கோலியா வரை போனார்கள்.

"சீட்டு வாங்கவா அம்புட்டுத் தூரம் போனானுவ?" என்று ஏணியில் நின்றபடியே கேட்டீர்கள்.

"சீட்டுதாம்ப்பா. யார்லிக்னு பேரு. போக வர மாசக்கணக்குல ஆகும்."

"அப்ப நமக்குப் பரவாயில்லட்டி. பஸ்சுல ஏறினா முக்கா மணி நேரம்."

எனக்குச் செர்னிகோவ் இளவரசரைத்தான் பிடித்தது. இரண்டு நெருப்புகளுக்கு நடுவே நடந்து வந்து செங்கிஸ் கானின் உருவத்தைக் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட மாட்டேன் என்றார். கொன்றுவிட்டார்கள். நான் அதைக் குரல் நடுங்க வாசித்தேன். நீங்கள் ஓலையைக் கட்டிக்கொண்டே, "சரி, அவம் ஊரு என்னாச்சு?" என்றீர்கள்.

"அது புக்குல இல்லப்பா."

"அதத்தான மொதல்ல எழுதியிருக்கணும்."

அடுத்து ட்வேர் நகரத்து இளவரசரின் கதை. மாஸ்கோ இளவரசனுக்கு அவர் சித்தப்பா முறை. எல்லா இளவரசர்களுக்கும் மேலான பெரிய பட்டம் யாருக்கு என்ற போட்டியில் அவன் கானிடம் அவரைப் பற்றிக் கோள் சொன்னான். கான் கூப்பிட்டு அனுப்பினார். போனால் திரும்ப முடியாது என்று தெரியும். மகன்கள், உங்களுக்குப் பதில் நாங்கள் போகிறோம் என்றார்கள். தான் போகாவிட்டால் ஊரை அழித்துவிடுவார்கள் என்று அவரே போனார். கழுத்தில் கனமான மரக்கட்டையைப் பூட்டி நாள்கணக்கில் இழுத்துத் திரிந்தார்கள். பிறகு கொன்றார்கள்.

நீங்கள் ஏணியை விட்டு இறங்கிவிட்டீர்கள். "சொந்தக்காரனேவா சொல்லிக் குடுத்தான்?"

"ஆமாப்பா."

"பொறவு?"

யாரோ பலாச்சுளை கேட்டு வந்துவிட்டார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்த வருஷம் நானும் அச்சன்புதூர் வருவேன் என்று அடம்பிடித்தேன். "வந்தா வாயத் தொறக்கப்படாது, என்ன?" என்று சொல்லித்தான் கூட்டிப் போனீர்கள். வாயை நான் திறக்கவில்லை. ஆனால், கானின் கூடார நிலைப்படியை மிதித்தால் மரணதண்டனை என்று படித்தது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு நிலைப்படி தேக்கு மரம். மஞ்சள் பூசி, கோலமிட்டு, பூ வைத்திருந்தார்கள். எல்லோரும் காலைத் தூக்கி வைத்து அதைத் தாண்டினார்கள். நீங்கள் துண்டை இடுப்பில் கட்டினீர்கள். கூடையைக் குனிந்து முதலாளியின் குட்டை மேசைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. உங்கள் பிடரி எனக்கு முழுதாகத் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. வலது காலை அந்தப் படியின் மேல், பூவின் மேல் அழுத்தி வைத்து, அங்கேயே நின்றேன்.

"பொட்டப்பிள்ளைய வளத்த லட்சணமாவே இது?" என்று முதலாளி கத்தினார்.

"சின்னப் பிள்ள முதலாளி. தெரியாமச் செஞ்சுட்டு. நான் கண்டிச்சு வைக்கேன்."

அரைமணி நேரம் அவர் ஏசினார். நீங்கள் தலை நிமிரவில்லை. கடைசியில், "இந்த வருஷம் உனக்குக் கிடையாது. தம்பிகிட்ட விட்டுரு" என்றார். கைகூப்பிவிட்டு வந்தீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, "நீ மிதிச்சதால இல்லட்டி. நாம போறதுக்கு முந்தியே எழுதிட்டாங்க. குனிஞ்சப்போ மேசைல பாத்தேன், தம்பி பேரு போட்டிருந்துது" என்றீர்கள். நான் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்றே நினைத்தேன். பார்த்தும் அரைமணி நேரம் கைகட்டி நிற்பவர் உண்டா? "நீங்க பயந்தாங்கொள்ளிப்பா" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் சிரித்தீர்கள். "ஆமாட்டி" என்றீர்கள்.

அந்த ஆனியில் சித்தப்பா நம் ஓலைக்கூரையின் கீழ் கடை போட்டார். நீங்கள் சுரண்டைச் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் லாரியில் லோடுமேனாகப் போனீர்கள். ஆவணியில் ஒரு மழை நாளில் புளியரை வளைவில் லாரி கவிழ்ந்தது. இந்தப் பத்து மாதமும் எனக்கு ஒரே கணக்குதான்: என் கால் அந்தப் படியில் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் கடையில் இருந்திருப்பீர்கள். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இன்று காலை சித்தப்பா சாரலில் நனைந்துவிட்டதா என்று பார்க்கச் சட்டைப் பையிலிருந்து போன வருஷச் சீட்டை எடுத்துத் திண்ணைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நான் அதை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். உள்ளே போய் என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நாம் போனது வெள்ளிக்கிழமை. சீட்டு எழுதியது அதற்கு முந்தின திங்கள்கிழமை.

நீங்கள் சொன்னது உண்மை அப்பா.

"முந்தியே எழுதிட்டாங்களா சித்தப்பா?"

அவர் தரையைப் பார்த்தார். "அண்ணன் சொல்லலியா?"

"சொன்னாங்க. நீங்க என்ன சொல்லி வாங்குனீய?"

"அண்ணன் முதலாளியப் பத்திக் கடைல ஏளனமாப் பேசுதான்னு சொன்னேன்." பிறகு அவராகவே சொன்னார்: "சீட்ட எழுதும்போதே முதலாளி சொல்லிட்டாரு. ஒங்க அண்ணன் வந்து எதுத்து ஒரு வார்த்த பேசினாலும் ரெண்டு பேருக்கும் கிடையாது, சுரண்டைக்காரன் ஒருத்தன் காத்துக் கெடக்கான்னு. அண்ணனுக்கு அந்த மனுசனப் பத்தித் தெரியாதா ஏட்டி? அதான் நின்னுருக்காவ."

சீட்டு என் கையில் இருந்தது. பழைய சீட்டு இல்லாமல் புதுச் சீட்டு கிடையாது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான்கு எட்டு வைத்து அதை நெருப்பில் போட்டால் போதும். அவருக்கும் அது புரிந்தது. கையை நீட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

அப்போதுதான் நீங்கள் கேட்ட "பொறவு?" ஞாபகம் வந்தது. பதில் எனக்குத் தெரியும். புத்தகத்தின் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. ட்வேர் இளவரசரின் மகன் பழிவாங்கினான். மாஸ்கோ இளவரசனைக் கானின் கூடார நகரத்திலேயே வெட்டினான். அதற்காகக் கான் அவனைக் கொன்றார். அடுத்து ட்வேர் மக்கள் கிளர்ந்தார்கள். கான் படை அனுப்பினார். அந்தப் படையோடு இன்னொரு மாஸ்கோ இளவரசனும் வந்தான். தகப்பன் எதைக் காப்பாற்றப் போனாரோ, அந்த ஊர் எரிந்தது. கானின் கூடாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சீட்டை மடித்துச் சித்தப்பா கையில் கொடுத்தேன். மன்னித்துக் கொடுக்கவில்லை அப்பா. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கடை போனால் முதலாளிக்குப் பழம் கொண்டுபோக இன்னொருவன் வருவான், அவ்வளவுதான். அதோடு, நாளை மறுநாளிலிருந்து அம்மா அந்தக் கடையில்தான் பழம் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

துண்டைக் கொடுக்கவில்லை. "அப்பா துண்டு இடுப்புக்கு எறங்குனது போதும் சித்தப்பா. ஒங்க துண்டக் கட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் சாரலில் இறங்கிப் போனார். பின்னாலிருந்து பார்க்கும்போது அவருடைய பிடரியும் உங்களுடையதைப் போலவே இருந்தது.

என் கால் உங்களைக் கொல்லவில்லை என்று இன்று தெரிந்துவிட்டது. ஆனால் "பயந்தாங்கொள்ளி" என்று நான் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. அதை நான் திரும்பப் பெற்றாலும் கேட்க நீங்கள் இல்லை. நான் சுமப்பது அந்த வார்த்தையைக்கூட இல்லை அப்பா, அந்த மேசையில் சீட்டைப் பார்த்துவிட்ட பிறகும், பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால், கொஞ்சமும் கோபம் இல்லாமல் நீங்கள் சொன்ன "ஆமாட்டி."

உங்கள் மகள்