பைல் பிடித்து நின்றவள்

மழை விட்டு இரண்டு நாளாகிவிட்டது. துணிகள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று காலையில் அலுமாரியிலிருந்த எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். அடித்தட்டில் உம்முடைய துணிப்பை கிடந்தது. திறந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. நேபாளத்தில் நமக்கு வழிகாட்டியாக வந்த தாவா தந்த காய்ந்த இலைகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. மலையிலே புத்த மடங்களின் வாசலில் வாசனைக்கு எரிக்கிற இலை அது. "எங்கடை கோயில் பூசை மாதிரி மணக்குது காணும்," என்று சொல்லி அன்று பையை என் முகத்தில் வைத்து அழுத்தினீர். ஞாயிற்றுக்கிழமைகளில் முல்லைத்தீவுக் கடற்கரைத் தேவாலயத்தில் நின்று வளர்ந்தவர் நீர். நான் பையை மூடினேன், திறந்தேன், மறுபடியும் மூடினேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

தாவாவின் செய்தி வந்து ஐந்து நாட்கள். "பங்குனியில் காடு முழுக்கச் சிவப்பாகப் பூத்திருக்கும். இந்த முறை மேல் மடத்துக்குப் போவோம். இரண்டு பேரும் வருகிறீர்கள்தானே?" நீர் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. பதில் எழுதக் கை வரவில்லை. எழுதினால், மேல் மடத்தைப் பார்க்காமலே நீர் போய்விட்டீர் என்று எழுத வேண்டும். அதற்கு நான்தான் காரணம் என்றும் எழுத வேண்டும்.

ஒன்பது வருடம் ஒரே அணியில் கண்ணிவெடி அகற்றினோம். முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் வியர்த்து, சாண் சாணாக மண்ணைக் கிளறினோம். வெள்ளைத் தடி நட்டிருந்தால் சோதித்த நிலம், சிவப்புத் தடிக்கு அங்கால் கால் வைக்கக் கூடாது. கனவில்கூட நான் அந்தத் தடிகளைப் பார்த்துத்தான் நடந்தேன். நிலத்தைக் கையளிக்கும் நாளில் ஒரு வழக்கம் இருந்தது. காணிக்காரர் பார்த்து நிற்க, வெடி எடுத்த அணியே வரிசையாக அந்த நிலத்தின் மேல் நடந்து காட்ட வேண்டும். நீர் எப்போதும் நடுவில், கை வீசி நடப்பீர். நான் ஒரு தடவைகூட நடக்கவில்லை. கையொப்பம் வைக்கிற பைலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

அணியைக் கலைத்த அன்றைக்கு நீர் சொன்னீர், "ஒருத்தரும் ஒண்டும் புதைக்காத மண்ணிலை ஒருக்கா நடக்க வேணும்." நேபாளத்தில் ஐந்து நாள் மலைநடை என்று எங்கிருந்தோ கண்டுபிடித்தீர். கடற்கரையில் பிறந்த பெண்ணுக்கு மலை எதற்கு என்று கேட்டேன். "கடலிலை ஆர் காணும் நடக்கிறது?" என்றீர்.

தாவா நாற்பது வயதுக்காரர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவர் போல ஏற்றத்தில் ஏறுவார். நாம் இருவரும் அவர் வைத்த அடியிலேயே அடி வைத்துப் போனோம். ஏன் இப்படி என் முதுகோடு ஒட்டி வருகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். மெல்லப் போகும்படி நீர் மூச்சு வாங்க "ஆறுதலா, ஆறுதலா" என்று சொல்லிச் சொல்லி, மாலைக்குள் அவரும் எங்களிடம் "ஆறுதலா" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் ஒரு பாறையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கிடந்தது. நான் இரண்டு கையையும் விரித்து, "நில்லும்! சிவப்பு!" என்று கத்தினேன். நீரும் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டீர். அது பாதையைக் காட்ட வைத்த குறி, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் போவார்கள் என்று தாவா விளக்கினார். நாம் என்ன வேலை செய்தோம் என்று நீர் அவருக்குச் சொன்னபோது அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் ஊர்மடத்தில் வயதான பிக்குணி உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் தந்தா. "கஞ்சி எண்டு நினைச்சுக் குடியும்," என்று என் காதுக்குள் சொன்னீர். மந்திரம் செதுக்கிய கல்மதிலை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்றபோது, "உங்கடை கோயில் மாதிரித்தான்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

நான்காம் நாள் மேல் மடம் கண்ணுக்குத் தெரிந்தது. சிவந்த சுவர், கூரையெல்லாம் கொடி. நமக்கும் அதற்கும் இடையில் ஒரு புல்வெளி மட்டும். பாதை இல்லை, குறி இல்லை, ஈரப் புல். தாவா கடந்துபோய் அங்கால் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நீர் இறங்கிப் பத்துப் பன்னிரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தீர்.

"வாரும்."

"எனக்கு ஏலாது."

"இஞ்சை பைலும் இல்லைக் காணும். இனி என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கப் போறீர்?"

ஆக, ஒன்பது வருடமும் உமக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வந்தது. "விகாரை பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? எங்கடை ஊரிலை புதுசு புதுசா முளைக்கிற விகாரையள் போதாதோ? நீர் போம், நான் திரும்பிப் போறன்!" என்று கத்தினேன். முந்தின நாள் அந்தப் பிக்குணியின் கையால் தேநீர் வாங்கிக் குடித்த வாய் அது. நீர் மடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர். பிறகு, "ஓம், திரும்புவம். அடுத்த வருசம் வருவம்," என்று வந்துவிட்டீர். ஏழு மாதத்தில் நோய் உம்மைக் கொண்டுபோனது.

இன்று பையை மூடி வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வட்டக்கச்சியிலிருந்து முரசுமோட்டைப் பக்கம், நாம் கடைசியாகக் கையளித்த காணிக்குப் போனேன். இதற்கு முன்னும் பல தடவை போய், ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். காணிக்கார அம்மா கண்டுவிட்டா.

"என்ன பிள்ளை, எந்த நாளும் ரோட்டிலையே நிண்டுட்டுப் போறியள்? உள்ளுக்கு வாங்கோவன்."

"இல்லையம்மா, சும்மா பாக்க வந்தனான்."

"மாடே பயமில்லாமல் மேயுது. நீங்கள்தானே துப்பரவாக்கித் தந்தனீங்கள்?"

கால் வைத்தேன். மழை ஈரத்தில் புல் சரிந்து அடி பதிந்தது. பத்துப் பன்னிரண்டு அடி போனதும் நின்றுவிட்டேன். வந்த அடியிலேயே திரும்பிவிடலாம் என்று குனிந்து என் அடிகளைத் தேடினேன். அப்போதுதான் உம்மைக் கண்டேன். அன்று அந்தப் புல்வெளியில் நீர் தலையைக் குனிந்து, உம்முடைய அடிகளுக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்துத்தான் என்னிடம் திரும்பி வந்தீர். என் கோபத்தில் நான் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. கையளிக்கும் நாட்களில் கை வீசி நடந்தவருக்கும் என்னளவு பயம் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் காணும் ஒரு நாளும் சொல்லவில்லை?

"ஆறுதலா வாங்கோ பிள்ளை, சறுக்கும்," என்று அந்த அம்மா அங்கிருந்து சொன்னா.

ஆறுதலாகப் போனேன். அவவின் முற்றம்வரை போய், தேத்தண்ணி குடித்துவிட்டு, வந்த அடியைத் தேடாமல் காணியின் மற்றப் பக்கத்தால் ரோட்டுக்கு ஏறினேன். அங்கே நின்றபடியே தாவாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பங்குனியில் நான் ஒருத்திதான் வருகிறேன், புல்வெளியில் எனக்கு முன்னால் நடக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.