அப்பாவின் கோட்டுப் போட்ட மரப்பொம்மை

பாரிஸ், 1758, தவக்காலம்

அன்புள்ள என் கணவர் ஓனொரே அவர்களுக்கு, பெர்ரின் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் லியோனிலிருந்து அனுப்பிய பட்டு கடையில் நன்றாகப் போகிறது. உங்கள் மார்ச்சளி குறைந்ததா? வெளியே போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

வரவேற்பறைக்கு நீங்கள் சொல்லிவிட்டுப் போன குடும்பப் படத்தை ஓவியர் வெர்னூ தொடங்கிவிட்டார். நீங்கள் கேட்டபடியே நாற்காலியில் நீங்கள், காலடியில் மண்டியிட்டுக் கல்யாணத்துக்கு ஆசி கேட்கும் நம் மகள் அகாத். நீங்கள் ஊரில் இல்லாததால், ஓவியர்கள் வழக்கப்படி ஆளுயர மரப்பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து, உங்கள் நீலக் கோட்டையும் பொய்முடியையும் மாட்டி உட்காரவைத்தார். வேலைக்காரி துவானெத் அதன் முன்னால் சாக்லேட் கோப்பையை வைத்து, "ஐயா, எப்ப வந்தீங்க?" என்று நடுங்கினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் நானும் அந்த அறைக்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஓவியர் வண்ணம் வாங்கப் போயிருந்தார். அகாத் மண்டியிட்டபடியே பொம்மையிடம் பேசுவது கதவருகே எனக்குக் கேட்டது. "அப்பா, நீங்க பாத்த அந்த மாப்பிள்ள லர்தியே எனக்கு வேண்டாம்ப்பா. ரெண்டு பொண்டாட்டியப் பொதச்ச மனுஷன். துணியோட தரம் பாக்கற மாதிரி என் கையத் தடவிப் பாத்தாரு. மறுத்தா கன்னியர் மடத்துல அடைப்பேன்னீங்க, அடைச்சுக்கோங்க. ஆனா ஒரே ஒரு தடவ, ஏம்மா வேண்டாங்கறேன்னு கேளுங்கப்பா" என்றாள்.

உங்கள் தோளில் தூங்கி வளர்ந்தவள். நீங்கள் மரமாக இருந்தால்தான் அவளுக்கு வாய் திறக்கிறது.

ஓவியர் திரும்பியதும், "பொண்ண எழுப்பி நிறுத்துங்க" என்றேன். "அம்மா, ஐயா வந்து என் தோல உரிச்சிட்டா?" என்று தயங்கினார். "மொதல்ல என்னத் தாண்டி வரட்டும்" என்றேன். இப்போது படத்தில் அவள் உங்கள் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறாள், கை உங்கள் தோள்மேல். பயப்படாதீர்கள், நாற்காலி உங்களுடையதுதான்.

நீங்கள் தங்கியிருப்பதே லர்தியேயின் வீட்டில். வாக்குக் கொடுத்தவர் நீங்கள். திரும்பப் பெறவும் உங்களால்தான் முடியும். வண்டி ஏறுவதற்கு முன் அவரிடம் இல்லையென்று சொல்லிவிடுங்கள். சாக்கு வேண்டுமானால் பெண்டாட்டி ராட்சசி என்று சொல்லுங்கள். என்னைப் பார்த்திருப்பதால் நம்பிவிடுவார். மடத்து வண்டி வந்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன். இதில் என் பேச்சு மாறாது.

மற்றபடி, படத்தில் எல்லாம் முடிந்து உங்கள் முகம் மட்டும் பாக்கி. அந்த இடத்தை ஓவியர் வெறுமையாக விட்டிருக்கிறார். நீங்கள் எந்த முகத்தோடு வீட்டுக்குள் வருகிறீர்களோ அதைத்தான் வரைவாராம். நம் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நல்ல முகத்தோடு வாருங்கள்.

உங்கள்,
பெர்ரின்