வெள்ளிக்கிழமை கடைசி நாள்

என் அக்கா பெற்ற ராஜாத்திக்கு,

உன் பாப்பாவின் குழந்தைகள் காப்பகக் கட்டணத்தில் பாதியை அரசாங்கம் கொடுக்கும் என்று அன்றே சொன்னேனா இல்லையா? மந்திரிகள் யோசிப்பதற்கு முன்பே யோசித்தவன் நான்!

நீதான், "பிச்சை கேக்கச் சொல்றீங்களா மாமா?" என்று படிவத்தை அலமாரியில் போட்டாய். கட்டணம் கட்டுப்படியாகாமல், திங்கட்கிழமை டிப்போவில் ராஜினாமா கொடுப்பதாக இருந்தாய். பஸ் ஓட்டுகிற கையம்மா அது, வீட்டில் முடங்கலாமா!

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதிகாரியே என் தோளில் கைபோட்டுச் சொன்னார்" என்றேன். விழுந்தடித்து ஓடிப்போய்ப் படிவத்தைக் கொடுத்தாய்.

நேற்று உன் பஸ்ஸில் மூன்று தடவை சுற்றினேன். பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "ஓட்டக் கத்துக்கொடுத்ததே நான்தான்" என்றேன்.

கோபிக்காதே. அந்த அதிகாரியை நான் பார்த்ததேயில்லை. படிவத்துக்குக் கடைசி நாளே கிடையாது. நீ ராஜினாமா கொடுக்க இருந்த திங்களுக்கு முன்னால் ஆபீஸ் வெள்ளி வரைதானே திறந்திருக்கும், அதனால் வெள்ளி என்றேன்.

உன் தாய்மாமன்