காப்புக் கயிறு

கணபதி,
10.4.1996

அன்புத் தம்பி கதிர்வேலுக்கு,

அக்கா பொன்னாத்தாள் எழுதுவது. இங்கு கணபதியில் நானும் உன் மாமாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் கை கூசுகிறது.

உன் கடிதத்தையும், துண்டில் முடிந்த திருநீற்றையும் உங்கள் ஊர் அழகிரிசாமி அண்ணன் நேற்று தன் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். மாரியம்மனுக்குக் காப்பு கட்டியதிலிருந்து எட்டு நாளாக கேப்சூலைத் தொடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதன் மேல்தோல் மாட்டெலும்பில் செய்வதாம், விரதத்துக்கு ஆகாதாம். வெள்ளிக்கிழமையிலிருந்து அடிவயிறு அனலாகக் கொதிக்கிறதாம், கால் வீங்கியிருக்கிறதாம், ஆத்தா உள்ளே இறங்கிவிட்டாளாம்.

அது ஆத்தா இல்லை, கண்ணு. போன வருஷம் என் கிட்னியை உனக்கு வைத்தபோது டாக்டர் சொன்னது உனக்கு மறந்துவிட்டது. "கூடப் பொறந்த அக்காவுதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்க, ஒடம்புக்குத் தெரியாதுங்க. உள்ளே இருக்கற காவலுக்கு அது என்னைக்கும் வெளியாளுதான். மாத்திரைதான் அந்தக் காவலை அடக்கி வெக்குது. நிறுத்துனா எந்திரிச்சு அதைக் கொன்னுபோடுமுங்க" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதே. அதே வெள்ளிக்கிழமையிலிருந்து என் இடது விலாவுக்குக் கீழே சுடுகிறது. அங்கேதான் இப்போது ஒன்றுமே இல்லையே. மாமா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். ஆபரேஷனுக்குப் பிறகு நீ இங்கே படுத்திருந்த ஆறு மாதமும் நம் நாய் மணி உன்னை நான் என்று நினைத்துக் காலடியிலேயே கிடந்தது. நேற்று உன் துண்டை மோந்து, மயிர் சிலிர்த்து உறுமியது. பிறகு என்னிடம் வந்து, அந்த இடது பக்கத்தை மோந்துவிட்டு மறுபடியும் உறுமியது.

நீ பிழைத்தால் கையில் தீச்சட்டி ஏந்திப் பூவோடு எடுப்பாய் என்று வேண்டிக்கொண்டவள் நான். அந்தப் பாவி வாய் என்னுடையது. ஆத்தாளுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். காப்பு கட்டியவன் ஊரெல்லை தாண்டக் கூடாது, மாமா வீட்டில் பெரியத்தை இறந்த தீட்டில் நான் காப்பு கட்டிய ஊருக்குள் வரக் கூடாது. அதனால்தான் சோமனூர் திரும்பும் அண்ணன் கையில் கொடுத்தனுப்ப இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்ததும் கயிற்றை அறுத்துப்போட்டு, அண்ணன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு வா. வாசலில் நிற்பேன். இன்று மத்தியானத்துக்குள் வராவிட்டால் தீட்டோடு வந்து நானே அறுப்பேன்.

என்னிடம் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. நீ கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடுவேன், அதுதான் எனக்குப் பயம்.

ஆத்தா உன்னை நடத்திக் கூட்டி வரட்டும்.

உன் அக்கா,
பொன்னாத்தாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது விலாச் சூடு நின்றுவிட்டது. தொட்டால் சில்லென்று கிடக்கிறது. மத்தியானம் வரை பார்க்க மாட்டேன், இதோ அங்கே கிளம்பிவிட்டேன். நீயும் கிளம்பு, கண்ணு.