தின்னர் பட்ட கிட்டார்

டிசம்பர் 20, சனி

சோப்புப் போட்டும் கையில் தின்னர் வாடை போகவில்லை.

கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். கோயிலில் அவன் வாசிக்கிற பழைய கிட்டாரைத் துடைத்து வைக்க நினைத்தேன். ஈரத்துணிக்கு முன்பக்கத்துக் கறுப்பு போகவில்லை. மீன்பிடி வள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்து மிச்சமிருந்த தின்னரைத் தொட்டுத் தேய்த்தேன். துணி காப்பி நிறமானது. இவ்வளவு அழுக்கா என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். உள்ளங்கையளவு வெள்ளை மரம் தெரிந்தபோதுதான் துணியோடு வந்தது வார்னிஷ் என்று புரிந்தது. சுற்றிலும் பாகு போல இளகியிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “ஏளா, அதென்ன வள்ளமா, சுரண்டி எடுக்க?”

அந்நேரம் பார்த்து அண்ணன் வீடியோவில் வந்தான். “கிட்டாரைக் காட்டு.”

ஈரத்துணியால் மட்டும் துடைத்த பின்பக்கத்தைக் காட்டினேன்.

“நல்லா மின்னுதே. முன்னால திருப்புளா.”

எனக்குக் கை வரவில்லை. அம்மா போனை வாங்கி, “சிக்னல் இல்லலே” என்று வைத்துவிட்டாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வார்னிஷ் இன்னும் காயவில்லை. துணி போட்டு மூடினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். என் கட்டிலில் திறந்தே கிடக்கிறது. நான் கீழே படுத்திருக்கிறேன்.