போஸ்ட்மேன் போடாத கோல்

என் செல்ல வாப்பாவுக்கு, ஸலாம்.

இந்தக் கடிதத்தில் உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி இருக்கிறது. கூடவே நான் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒரு தப்பும் இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் வந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உங்களுக்குத்தான் தெரியுமே.

முதலில் செய்தி. தார்ன்பெக் டவுன் கிளப் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. அதில் உங்களுக்கு ஒரு முழுப் பக்கம்!

துபாய் தேராவில் மசாலாக் கடையில் நின்ற காயல்பட்டினத்து மனிதருக்கும் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் கால்பந்து கிளப்புக்கும் என்ன உறவு என்று கிளப் வரலாற்றைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். ஏலக்காய் வாங்க வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் கடையில் மறந்துவிட்டுப் போன மெல்லிய புத்தகம்தான் உறவு. மேட்ச் அன்று கிளப் அச்சடித்து விற்கிற புத்தகம். மறுநாள் அதைத் தேடி வந்தவர், "எங்கள் ஊர் டீம். ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது" என்றாராம். எங்கள் ஊர் டீமும் அப்படித்தான் என்று சொல்லி நீங்கள் அவருக்குச் சுலைமானி டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அவர் ஊர் திரும்பியதும் கடையின் தபால் பெட்டிக்குப் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. அவர் இறந்த பிறகும் கிளப்பின் செயலாளர் டோரத்தி அம்மா நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், அஜ்மான் வீட்டில், நீங்கள் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் முன், நான் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். "ரேடியோ ஜுலைஹா ஆரம்பிச்சாச்சு" என்று உங்கள் மூத்த பிள்ளை, என் காக்கா, தலையணையைக் காதில் வைத்து அமுக்கிக்கொள்வான். செங்கல் சூளைத் தொழிலாளிகள் தொடங்கிய கிளப். மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ரொட்டிக் கடைக்காரர், பள்ளி வாத்தியார், போஸ்ட்மேன் ஆலன், இவர்கள்தான் ஆட்டக்காரர்கள். "சம்பளத்துக்கு ஆடுறவன் ஆடத்தான் செய்வான். இவனுவ டூட்டி முடிச்சுட்டு வந்து ஆடுறானுவ பாரு புள்ளே!" என்பீர்கள். அந்த டீமில் ஆலன்தான் உங்களுக்கு உயிர். அத்தனை வருடம் ஆடியும் அவர் அதிகம் கோல் போட்டதில்லை.

இப்போது என் தப்பு.

ஒரு வருடம் கிளப்பில் ஆள் குறைந்து தோற்றுக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? கடைசி மேட்சிலும் தோற்றால் கிளப்பையே மூடிவிடுவதாகப் பேச்சு. அடுத்து வந்த புத்தகத்தில் அந்த மேட்சைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை நான் வாசிக்கிறேன். எனக்குப் பதினொரு வயது. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது வரைக்கும் புரிந்தது. எப்படி விழுந்தது என்று எழுதியிருந்த இங்கிலீஷ் புரியவில்லை. நீங்களோ பாயில் முட்டிபோட்டு, "யாரு போட்டா புள்ளே? யாரு போட்டா?" என்று முன்னால் குனிகிறீர்கள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"போஸ்ட்மேன் ஆலன், வாப்பா. பாய்ஞ்சு தலையால முட்டிட்டாரு."

நீங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுப் பட்டான் பாய், "க்யா ஹுவா பாய்?" என்று படியேறி ஓடி வந்தார். அவர் வாயில் ஒரு துண்டு அல்வாவைத் திணித்தீர்கள். மறுநாளே கடையில் டைப் அடிக்கும் மலையாளிச் சேட்டனைப் பிடித்து, ஆலனின் தலையை வாழ்த்தி கிளப்புக்குக் கடிதமும் அனுப்பிவிட்டீர்கள்.

இரண்டு வருடம் கழித்து அதே பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எதிரணிக்காரர் ஒருவரின் முதுகில் பட்டுத் தானாக உள்ளே உருண்ட பந்து அது. ஆலன் பக்கத்திலேயே இல்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தேன், வாப்பா.

போன மாதம் டோரத்தி அம்மாவின் கடிதம் வந்தது. வெள்ளத்தில் கிளப்பின் பழைய காகிதமெல்லாம் ஊறிப் போனதாம், அந்தக் கடைசி மேட்சைப் பற்றி எழுதிய புத்தகம் நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். சுவரில் உயரத்தில் மாட்டியிருந்ததால் உங்கள் கடிதம் மட்டும் தப்பித்ததாம். அதை அப்படியே வரலாற்றில் அச்சடிக்கப் போகிறார்களாம். நான் சொன்ன பொய், உங்கள் பேரில், ஒரு ஊரின் வரலாற்றில்!

புத்தகத்தைத் தேடினால் அதுவும் இல்லை. நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் சட்டைகளைக் கார்கோவில் ஊருக்கு அனுப்பினோமே, அதே கார்ட்டனில் கண்ணாடி டம்ளர்களும் போயின. உடையாமல் இருக்க, படித்து முடித்த காகிதம்தானே என்று உம்மா அந்தப் புத்தகங்களைப் பிரித்துச் சுற்றி அடைத்திருக்கிறார். சட்டைகளை மடித்து அழுதுகொண்டிருந்த நான் கவனிக்கவில்லை.

காயலுக்கு, உம்மாவின் தங்கை சாச்சிக்குப் போன் போட்டேன்.

"சாச்சி, கார்ட்டன் வந்துருச்சா?"

"வந்துருச்சு ளா. ஒரு டம்ளர் கூட உடையல."

"டம்ளரை விடுங்க சாச்சி! சுத்தியிருந்த காகிதம் எங்கே?"

"அலமாரியில விரிச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டுல எதுத்த வீட்டுக்குச் சம்சா மடிச்சுக் கொடுத்தேன். ஏன் ளா, அதுல என்ன, நகையா வச்சிருந்தீங்க?"

பாவம் சாச்சி, எதிர் வீட்டுக்கும் ஓடி அத்தனையையும் சேர்த்து, இஸ்திரி போட்டு, லீவு முடிந்து துபாய் திரும்பிய ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். சம்சா சுற்றிப் போன பக்கம் எது தெரியுமா? அதேதான்! எண்ணெய்க் கறைக்குள்ளும் அந்த முதுகைப் பற்றிய வரி தெளிவாகத் தெரிந்தது.

தபால் போய்ச் சேர்வதற்குள் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். போனில்தான் சொல்ல வேண்டும். காக்காவிடம் கெஞ்சினேன். "பொய் சொன்னது நீ. பேசுறதும் நீதான். யல்லா!" என்று போன் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்தி என் கையில் திணித்துவிட்டான்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் இங்கிலீஷில், மூச்சு விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் டோரத்தி அம்மா சிரித்தார். கார்டில் இருந்த நிமிடங்களில் பாதி சிரிப்பிலேயே போயிற்று.

அவர்களுக்கு முதல் நாளே தெரியுமாம், வாப்பா. உங்கள் கடிதத்தை ஆலன் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினாராம். ஊரே விழுந்து விழுந்து சிரித்ததாம். ஆலன் மட்டும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருடத்தில் என்னை வாழ்த்தி யாரும் கடிதம் எழுதியதில்லை. அந்த மனிதரிடம் யாரும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள்" என்றாராம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் அவர்தானாம்.

உங்கள் சந்தோஷத்துக்காக ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"இப்போது எதை அச்சடிக்கட்டும்? நீயே சொல்" என்றார் டோரத்தி அம்மா.

"வாப்பாவின் கடிதம் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, இந்தக் கோலைப் போட்டது அஜ்மானில் இருக்கும் மகள் ஜுலைஹா என்று எழுதுங்கள்" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. காக்கா வாயைப் பிளந்து நின்றான்.

புத்தகம் வந்ததும் முதல் வரியிலிருந்து உங்களுக்கு வாசிப்பேன், வாப்பா. புரியாத இடம் வந்தால், புரியவில்லை என்று நிறுத்தி, கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்வேன். இனிமேல் நானாக யாருக்கும் கோல் கொடுக்க மாட்டேன். ஆலனுக்குக்கூட.

உங்கள் இளைய மகள்,
ஜுலைஹா